பெரிய லிஸ்டிங் தளங்களுக்கான எஸ்இஓ: எந்தப் பக்கத்தைக் கூகுளுக்குக் காட்டுவது, எதை மறைப்பது?

"வேளச்சேரி 2 பிஎச்கே வாடகைக்கு" என்று ஒருவர் கூகுளில் தேடுகிறார். உங்கள் தளத்தில் அப்படி நாற்பது வீடுகள் இருக்கின்றன. ஆனால் முடிவுகளில் மேலே வந்து நிற்பது "வேளச்சேரி, 2 பிஎச்கே, வாடகை குறைவிலிருந்து அதிகம், பக்கம் 7". அதைத் திறந்தால் மூன்று வீடுகள். இரண்டுக்குப் போன மாதமே ஆள் வந்தாயிற்று. தேடியவர் பின்னால் போய் அடுத்த தளத்தைத் திறக்கிறார்.

எஸ்இஓ, அதாவது தேடல் முடிவுகளில் முன்னால் வரச் செய்யும் வேலை, பத்துப் பக்கத் தளத்துக்கு என்றால் எதையாவது சேர்ப்பது. லிஸ்டிங் தளத்தில் பெரும்பாலான வேலை கழிப்பதுதான். இந்த வழிகாட்டி முழுக்க ஒரு வாடகை வீட்டுத் தளத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேலைவாய்ப்போ, பழைய பைக்கோ, கல்யாண மண்டபமோ பட்டியலிடுபவராக இருந்தாலும் கணக்கு இதேதான்.

படி 1: எத்தனை முகவரிகள் என்று எண்ணுங்கள்

முகவரி என்று நான் சொல்வது பிரவுசரின் மேலே தெரியும் யூஆர்எல், வீட்டு முகவரி இல்லை. உதாரணத் தளத்தில் 200 ஏரியாக்கள். அறை எண்ணிக்கையில் 4 வகை, வாடகை வரம்பு 6, ஃபர்னிஷிங் 3, வரிசைப்படுத்தும் முறை 3. எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவதும் ஒரு நிலைதான் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 200 × 5 × 7 × 4 × 4 = 1,12,000. "பேச்சிலர் ஓகே", "கார் பார்க்கிங்" என்று இரண்டு டிக் பெட்டிகளைச் சேர்த்தால் 4,48,000. பக்கம் 2, பக்கம் 3 எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஃபில்டர்கள் முகவரியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டிருந்தால், நான்கு ஃபில்டர் போட்ட ஒரே பக்கத்துக்கு 24 முகவரிகள். தளத்தில் உண்மையில் காலியாக இருக்கும் வீடுகள் ஆறாயிரம் என்று வைத்துக்கொண்டால், ஆறாயிரம் வீட்டுக்கு நாலரை லட்சம் வாசல்.

இப்போது உங்கள் தளத்துக்கு மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள். ஒன்று, டேட்டாபேஸில் இன்று உயிரோடு இருக்கும் லிஸ்டிங்குகள். இரண்டு, சர்ச் கன்சோல் (தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவி) காட்டும் இண்டெக்ஸ் ஆன பக்கங்கள், அதாவது கூகுள் தன் தேடல் பட்டியலில் சேர்த்துக்கொண்டவை. மூன்று, கடந்த 30 நாளில் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் புரோகிராம்) தொட்ட தனித்தனி முகவரிகள். இது சர்வர் லாகில், அதாவது யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவில், இருக்கும். கூகுள் தேடல் பெட்டியில் "சைட்" போட்டுத் தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரும் எண்ணை நம்பாதீர்கள், அது தோராயம்.

முதல் எண்ணைவிட மூன்றாவது பல மடங்கு பெரிதாக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். ஓரளவு சமமாக இருந்தால் படி 8-க்குத் தாவிவிடலாம்.

கூகுள்பாட் வந்து பக்கங்களைப் படிப்பதைக் கிரால் என்பார்கள். ஒரு தளத்துக்கு அது எவ்வளவு நேரம் ஒதுக்கும் என்பதுதான் கிரால் பட்ஜெட். எல்லோரும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று கூகுளே சொல்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மாறும் 10 லட்சம் பக்கங்களுக்கு மேல் உள்ள தளங்கள், அல்லது தினமும் மாறும் 10,000 பக்கங்களுக்கு மேல் உள்ள தளங்கள், இவைதான் அதன் வழிகாட்டுதலில் முக்கியமாக வருபவை. வாடகைத் தளம் இரண்டாவது கூடையில் விழும். காலையில் போட்ட வீடு சாயங்காலத்துக்குள் போய்விடுகிற தொழில் இது.

படி 2: லாகைத் திறந்து பாருங்கள்

இந்த ஒரு படியைத்தான் பலர் செய்வதே இல்லை. காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் உங்கள் சர்வர் லாகைப் போல உண்மை பேசாது.

ஒருநாள் லாகை எடுத்து, கூகுள்பாட் வரிகளை மட்டும் பிரியுங்கள். கூகுள்பாட் என்று பெயர் போட்டுக்கொண்டு வருபவை எல்லாம் கூகுள்பாட் இல்லை. உங்கள் வாடகைப் பட்டியலைச் சுரண்ட வரும் ஸ்கிரேப்பர்களும் அதே சட்டையைத்தான் போட்டு வரும். ஐபி முகவரியைத் திருப்பித் தேடி, அது கூகுளின் டொமைனில் போய் முடிகிறதா, அந்தப் பெயர் மறுபடி அதே ஐபிக்கே வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். 66.249 என்று தொடங்குவது பெரும்பாலும் அசல்.

அப்புறம் அந்த வரிகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள்: வீட்டுப் பக்கம், ஏரியா பக்கம், ஃபில்டர் பக்கம், மற்றவை. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது திரையில் வந்தது இப்படி இருந்தது: மேடவாக்கம், வாடகை வரிசை; மேடவாக்கம், புதியவை வரிசை; மேடவாக்கம், வாடகை வரிசை, ஃபர்னிஷ்டு; மேடவாக்கம், ஃபர்னிஷ்டு, வாடகை வரிசை. கடைசி இரண்டும் ஒரே பக்கம், ஃபில்டர் மட்டும் இடம் மாறியிருக்கிறது. கூகுள்பாட் ஒரே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து காலிங்பெல் அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலையில் பதிவான வீடுகள் எதையும் அது தொடவில்லை. இரண்டு வருடமாக "கூகுள் நம்மை மதிக்கவில்லை" என்று மீட்டிங் போட்டுக்கொண்டிருந்தோம். அது வந்துகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் கொல்லைப்புறத்தில் அலையவிட்டிருந்தோம்.

படி 3: எந்தப் பக்கத்துக்கு அனுமதி?

ஒவ்வொரு ஃபில்டருக்கும் இரண்டு கேள்விகள். இந்தச் சொற்களில் யாராவது தேடுகிறார்களா? தேடி வந்தால் காட்ட நம்மிடம் சரக்கு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அனுமதி.

ஏரியாவும் அறை எண்ணிக்கையும் சேர்ந்தது: அனுமதி. ஏரியாவும் "பேச்சிலர்" என்பதும்: தாராளமாக. சென்னையில் கல்யாணமாகாத பையன் வீடு தேடும் பாடு தெரிந்தவர்கள் இதில் சந்தேகப்பட மாட்டார்கள். ஏரியாவும் வாடகை வரம்பும்: "10,000-க்குள்" என்பது போல ஒன்றிரண்டு மட்டும். "17,500 முதல் 22,500 வரை" என்று யாரும் கூகுளில் டைப் செய்வதில்லை. வரிசைப்படுத்துவது: ஒருபோதும் வேண்டாம். மூன்று ஃபில்டர் சேர்ந்தாலே பூட்டு என்பது நான் வைத்திருக்கும் பொது விதி. விதிவிலக்கு கேட்பவர் தேடல் ஆதாரத்தோடு வரட்டும்.

மக்கள் என்ன சொல்லில் தேடுகிறார்கள் என்பதைச் சர்ச் கன்சோலின் தேடல் சொற்களிலும், உங்கள் தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியிலும் பாருங்கள். புரோக்கர்களிடமும் பேசுங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பதைச் சென்னையில் "லீஸ்" என்பார்கள், வேறு இடங்களில் "போக்கியம்", தெற்கே போனால் "ஒத்தி". டிசைனர் மெனுவில் "லீஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் மற்ற இரண்டு சொற்களில் தேடுபவர் உங்களைப் பார்க்கவே போவதில்லை. இதற்காக மூன்று தனிப் பக்கம் வேண்டாம். ஊரில் வழங்கும் சொல் தலைப்பில், மற்றவை பக்கத்துக்குள்.

சரக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு வரம்பு வையுங்கள். இங்கேதான் ஒரு நுணுக்கம். "5 வீட்டுக்குமேல் இருந்தால் திற, குறைந்தால் மூடு" என்று எழுதினால், நாலுக்கும் ஆறுக்கும் இடையில் ஆடும் ஏரியா பக்கம் தினமும் திறந்து மூடும். கூகுளுக்குத் தலை சுற்றும். அதனால் திறக்க ஓர் எண், மூட வேறு எண். 8 வீடுகள் சேர்ந்தால் திற, 3-க்குக் கீழே போய் இரண்டு வாரம் அப்படியே இருந்தால் மூடு. எண்கள் என் கைக்கணக்கு. உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி

ஃபில்டர்களுக்கு நிலையான வரிசை வையுங்கள்: முதலில் ஊர், பிறகு ஏரியா, பிறகு அறை. வேறு வரிசையில் வந்தால் 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற குறி) போட்டுச் சரியான முகவரிக்கு அனுப்புங்கள். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, கடைசியில் வரும் சாய்கோடு, இவற்றுக்கும் அப்படியே. ஊர்ப் பெயர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை வேண்டும்: தூத்துக்குடியும் டூட்டிகோரினும் ஒன்று, திருச்சியும் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. வீடு போடுபவர் தன் இஷ்டத்துக்கு ஏரியா பெயரை டைப் செய்ய விட்டால் வேளச்சேரிக்கு ஆறு ஸ்பெல்லிங், ஆறு ஏரியா பக்கம் முளைக்கும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா? வைக்கலாம், கூகுளுக்குப் புரியும். ஆனால் இரண்டு விஷயம். "வேளச்சேரி" என்ற சொல் யூனிகோடில் 9 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் குறியாக்கம் ஆகும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகும். ஆக 81 எழுத்து. வாட்ஸ்அப்பில் யாராவது ஒட்டினால் சதவீதக் குறிகளின் ஊர்வலம்தான்.

இரண்டாவது இன்னும் வில்லங்கம். "கோயம்பேடு" என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டு வெவ்வேறு முகவரிகள். தமிழ் முகவரி வைப்பதென்றால் சேமிக்கும்போதே என்எஃப்சி முறைக்கு, அதாவது எப்போதும் ஒரே குறியாக எழுதும் முறைக்கு, மாற்றிவிடும்படி டெவலப்பரிடம் சொல்லுங்கள்.

படி 5: மூன்று பூட்டுகள், மூன்றும் வேறு

இங்கேதான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

ரோபோட்ஸ் கோப்பில் (எங்கே வரலாம், வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் கோப்பு) தடுப்பது என்றால் "உள்ளே வராதே". கூகுள்பாட் பக்கத்தைத் திறக்காது, கிரால் மிச்சமாகும். ஆனால் வெளியிலிருந்து இணைப்பு இருந்தால், உள்ளடக்கம் தெரியாமலே வெறும் முகவரி இண்டெக்ஸில் உட்காரலாம்.

நோஇண்டெக்ஸ் என்றால் "வந்து பார், ஆனால் பட்டியலில் போடாதே". இண்டெக்ஸ் சுத்தமாகும், கிரால் மிச்சமாகாது, வந்து பார்த்தால்தானே அந்தக் குறிப்பே தெரியும்.

கேனானிக்கல் என்றால் "இது நகல், அசல் அங்கே இருக்கிறது". 2009-இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் சேர்ந்து கொண்டுவந்தது. கூகுள் இதை ஒரு பரிந்துரையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பக்கங்கள் நிஜமாகவே ஒத்திருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் தன் இஷ்டம்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஒரே பக்கத்துக்கு ரோபோட்ஸ் தடையும் நோஇண்டெக்ஸும் சேர்த்துப் போடாதீர்கள். கதவைப் பூட்டிவிட்டு உள்ளே சுவரில் "என்னை எடுத்துவிடு" என்று எழுதி வைத்தால் யார் படிப்பது? ரோபோட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழைய தந்திரமும் செல்லாது. 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் அதை ஆதரிப்பதில்லை. சர்ச் கன்சோலில் இருந்த யூஆர்எல் பாராமீட்டர் கருவியையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள்.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஃபில்டர் பக்கங்கள் இண்டெக்ஸில் இருக்கின்றனவா? முதலில் நோஇண்டெக்ஸ் போட்டு விடுங்கள். சில வாரமோ சில மாதமோ ஆகட்டும். எண்ணிக்கை இறங்கிய பிறகு ரோபோட்ஸில் தடை. புதிதாகக் கட்டும் தளம் என்றால் முதல் நாளே ரோபோட்ஸ் தடைதான்.

அதைவிட நல்லது, அந்த முகவரிகள் பிறக்காமலே பார்த்துக்கொள்வது. வரிசைப்படுத்தும் பொத்தானை இணைப்பாக வைக்காமல், முகவரியில் ஹேஷ் குறிக்குப் பிறகு மாறும்படி வைத்தால், கூகுள் அதைத் தனிப் பக்கமாகவே எண்ணாது. பயனருக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. லாக் கதையைப் பார்த்துப் பதறி, முகவரியில் கேள்விக்குறி இருந்தாலே ரோபோட்ஸில் தடு என்று ஒரே வரி போட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். கிரால் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பக்கம் 2, பக்கம் 3 எல்லாமே கேள்விக்குறி போட்ட முகவரிகள் என்று. முதல் பக்கத்தில் இடம் கிடைக்காத வீடுகளுக்குப் போகும் வழியே அடைபட்டிருந்தது. ரோபோட்ஸ் வரியை மாற்றும் முன், ஒரு நாள் லாகில் உள்ள எல்லா முகவரிகளையும் அந்த வரியோடு ஒப்பிட்டு, எவை அடைபடும் என்று கண்ணால் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்.

படி 6: பக்கம் 2, பக்கம் 3

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி, ஒவ்வொன்றும் தன்னையே கேனானிக்கலாகச் சுட்ட வேண்டும். எல்லாவற்றையும் பக்கம் 1-க்குக் கேனானிக்கல் போடுவது பரவலாக நடக்கும் தப்பு. பக்கம் 4-இல் இருக்கும் வீடு பக்கம் 1-இல் இல்லையே. பக்கம் 2 முதல் நோஇண்டெக்ஸ் போடுவதும் வேண்டாம். நாளடைவில் அந்தப் பக்கத்தில் உள்ள இணைப்புகளைக் கூகுள் பின்தொடர்வதும் நின்றுபோகும். முந்தையது, அடுத்தது என்று காட்டும் பழைய குறியீட்டைப் பயன்படுத்துவதில்லை என்று 2019-இலேயே கூகுள் சொல்லிவிட்டது, இருந்தால் இருக்கட்டும்.

"மேலும் காட்டு" பொத்தான், ஸ்குரோல் செய்தால் தானாக வருவது, இவை மட்டும் இருந்தால் ஆபத்து. கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது. கீழே அசலான இணைப்பு இருக்கட்டும்.

60 பக்கம் நீளும் ஏரியா என்றால் பிரச்சினை பக்க எண்ணில் இல்லை, ஏரியா பெரிதாக இருப்பதில் இருக்கிறது. தாம்பரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரியுங்கள். பிரித்தது வீடு தேடுபவருக்கும் உதவும். ரயில்வே லைனுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

படி 7: போன வீடு

வாடகைக்குப் போய்விட்ட வீட்டின் பக்கத்துக்கு 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (எடுத்தாயிற்று) கொடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதால் பயன் இல்லை, கூகுள் அதைச் சாஃப்ட் 404, அதாவது இருப்பதுபோல் காட்டும் இல்லாத பக்கம், என்றே எடுத்துக்கொள்ளும். பயனருக்கு மட்டும் அந்த 404 பக்கத்தில் "இந்த வீடு போய்விட்டது; அதே தெருவுக்குப் பக்கத்தில் இவை இருக்கின்றன" என்று நாலு வீடு காட்டலாம்.

விளம்பரம் முடியும் தேதி முன்பே தெரியும் என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு காட்டாதே என்று சொல்லும் "அன்அவைலபிள் ஆஃப்டர்" குறிப்பைக் கூகுள் புரிந்துகொள்ளும். கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐயைப் பயன்படுத்தினால் உடனே ஏறிவிடும் என்று யாராவது சொன்னால், அது வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை வீடியோக்களுக்கும் மட்டுமே உள்ளது. வீட்டுக்கு இல்லை.

படி 8: சைட்மேப்

சைட்மேப் என்பது தளத்தின் முகவரிகளைக் கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் அல்லது சுருக்காத அளவில் 50 எம்பி, எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. அனுமதி பெற்ற பக்கங்கள் மட்டும் இதில் வர வேண்டும். முக்கியத்துவ எண், மாறும் வேகம் ஆகிய இரண்டு புலங்களையும் கூகுள் பார்ப்பதில்லை. கடைசியாக மாறிய தேதியைப் பார்க்கும், ஆனால் அது உண்மையாக இருந்தால்தான். இரவு 12 மணிக்கு எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதியைப் போடும் ஸ்கிரிப்ட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கோப்புகளை வகை வகையாகப் பிரியுங்கள்: ஏரியா பக்கங்கள் தனி, ஏரியா-அறை பக்கங்கள் தனி, வீடுகள் மாவட்டவாரியாகத் தனி. இது கூகுளுக்காக இல்லை, உங்களுக்காக. சர்ச் கன்சோலில் ஒவ்வொரு சைட்மேப்புக்கும் தனித்தனியாக எத்தனை இண்டெக்ஸ் ஆனது என்று பார்க்கலாம். "மதுரை வீடுகள் மட்டும் ஏறவில்லை" என்று குறிப்பாகத் தெரிந்தால்தான் எங்கே தோண்டுவது என்று தெரியும்.

படி 9: பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

"வேளச்சேரி சென்னையின் தெற்கே அமைந்துள்ள ஓர் அழகிய பகுதி" என்று தொடங்கும் 300 சொல் பத்தியை 200 ஏரியாவுக்கும் ஊர்ப் பெயர் மட்டும் மாற்றிப் போடுவது பழைய பழக்கம். இப்போது ஏஐ வைத்து 20,000 பக்கத்துக்குப் போடுகிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில், தேடல் தரவரிசைக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை வெளிப்படையாகச் சேர்த்தது. எழுதியது மனிதனா மெஷினா என்பது அங்கே கேள்வியே இல்லை.

வேறு யாரிடமும் இல்லாத சரக்கு உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. இந்த ஏரியாவில் 2 பிஎச்கேயின் நடுவாடகை எவ்வளவு, எத்தனை மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், போர் தண்ணீரா மெட்ரோ வாட்டரா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரியில் வீடு பார்ப்பவர் கேட்காமல் விடாத கேள்வி அது. "தரைத்தளம் இல்லாத வீடு" என்று ஒரு ஃபில்டர் வைத்தால் அந்த ஏரியாவில் நன்றாக ஓடும்.

டைட்டிலில் எண்ணிக்கையைப் போடலாம், "42 வீடுகள்" என்பது போல. நாளுக்கு நாள் அது தடுமாறினால் விட்டுவிடுங்கள். பக்கத்து ஏரியாக்களுக்கு ஆறேழு இணைப்புகள் கொடுங்கள், நிஜமாகவே பக்கத்தில் இருப்பவற்றுக்கு. அடிப்பகுதியில் 500 ஊர்ப் பெயர்களைக் கொட்டி வைப்பது யாருக்கும் உதவாது.

படி 10: சர்வர்

சர்வர் வேகமாகப் பதில் சொன்னால் கூகுள்பாட் அதிகம் கேட்கும். திணறினால் தானே குறைத்துக்கொள்ளும். மாறாத பக்கத்துக்கு 304 (எதுவும் மாறவில்லை) கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். பராமரிப்பு நேரத்தில் 503 (இப்போது முடியாது, பிறகு வா) கொடுப்பது சரி, ஆனால் ஓரிரு நாளுக்கு மேல் நீண்டால் பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்து விழத் தொடங்கும். கிரால் வேகத்தைக் கையால் குறைக்கும் கருவி 2024 ஜனவரியோடு போய்விட்டது. வீட்டுப் பட்டியல் ஜாவாஸ்கிரிப்டில்தான் வருகிறது என்றால், அதை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெறும் தலைப்பு மட்டும் தெரிந்தால் சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் முறைக்கு மாறுங்கள்.

படி 11: ஒரு மாவட்டத்தில் தொடங்கி, கவனியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு படி 3 முதல் 7 வரை செய்து, ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். இண்டெக்ஸ் ஆன பக்கங்களின் எண்ணிக்கை இறங்கும். அது இறங்கத்தான் வேண்டும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே, முடிந்தால் மெயிலில், சொல்லி வையுங்கள். பார்க்க வேண்டியது வேறு இரண்டு: வீடு பதிவானதிலிருந்து கூகுள்பாட் முதன்முதலில் தொடும் வரை எத்தனை மணி நேரம், ஏரியா பக்கங்களுக்கு எத்தனை கிளிக்.

சர்ச் கன்சோலில் இரண்டு வரிகளைத் தனித்தனியாகப் படிக்கப் பழகுங்கள். "டிஸ்கவர்ட், நாட் இண்டெக்ஸ்டு" என்றால் கூகுளுக்கு முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. பூட்டாத வாசல் எங்கோ மிச்சம் இருக்கிறது, அல்லது சர்வர் மெதுவாக இருக்கிறது. படி 2-க்குப் போங்கள். "கிரால்டு, நாட் இண்டெக்ஸ்டு" என்றால் வந்து பார்த்தது, வேண்டாம் என்று போய்விட்டது. அந்தப் பட்டியலில் இருபது முகவரிகளைக் கையால் திறந்து பாருங்கள். இரண்டே வீடு உள்ள பக்கங்களாக இருந்தால் படி 3-இல் வரம்பை ஏற்றுங்கள். ஒரே வீட்டை மூன்று புரோக்கர்கள் தனித்தனியாகப் போட்ட பக்கங்களாக இருந்தால், அது எஸ்இஓ வேலை இல்லை, பதிவு செய்யும் இடத்திலேயே நகலைப் பிடிக்கும் வேலை. அந்த இருபதையும் எடுத்துக்கொண்டு டெவலப்பர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.